ஒன்பது பேருக்கு இடம் போட்டவள்

காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவளுடைய அண்ணன் பெயர். இன்னொன்று இயக்குநர் பெயர். அவருக்கு அந்தக் கண்டுபிடிப்பின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டினாள், அடிக்குறிப்பைக்கூட விடவில்லை.

வை-ஃபை சில்லுகள் செய்யும் அந்த அலுவலகத்தில் அண்ணன் குழுத் தலைவன், அவனுக்குக் கீழே அவள். எந்நேரமும் கட்டம் போட்ட தாளும் கலர் பென்சிலுமாக அலைவதால் அங்கே எல்லோருக்கும் அவள் கட்டம்மா. கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதை முதலில் கையால் போட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் பிறந்தது. அம்மா அண்ணனோடு இருக்கிறாள். கடைசி அறையில் மாட்டும் சின்னக் கேமராவின் குரல் ரூட்டருக்கு எட்டவில்லை என்று அண்ணன் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ரூட்டர் பேசுவது கேமராவுக்குக் கேட்கிறது. கேமரா பதில் சொல்வதுதான் போய்ச் சேரவில்லை. சத்தத்தைக் கூட்டலாம் என்றால் அரசு விதி இடம் கொடுக்காது. அலைவரிசையின் ஒரு துண்டுக்குள் இவ்வளவு சக்திக்கு மேல் போகக் கூடாது.

"ஒரு ஜன்னல்ல நின்னு இவ்வளவுதான் கத்தலாம்னு சட்டம்," என்றாள் அவள். "சரி. வீட்டுல இருக்கற அத்தனை ஜன்னல்லயும் நின்னு கத்தினா?"

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான்.

அலைவரிசையை மெல்லிய இழைகளாகப் பிரித்தால் அவைதான் துணையலைகள். கருவிக்கு இருபத்தாறு என்று அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் கொடுப்பதுதான் வழக்கம். அவள் அந்தக் கொத்தைக் குலைத்து அகலம் முழுக்க இறைத்தாள். முதல் கருவிக்கு ஓர் இழை, இரண்டாவதற்கு அடுத்த இழை, இப்படியே ஒன்பது கருவிக்கும் போட்டுவிட்டு மறுபடி முதல் கருவி. ஒரு துண்டுக்குள் ஒரு கருவிக்கு ஒன்றிரண்டு இழைதான் விழும். அதனால் ஒவ்வோர் இழையும் தாராளமாகக் குரலை உயர்த்தலாம். விதியையும் மீறவில்லை, கேமராவும் கேட்கும். ஒன்பது நிறத்தில் கட்டங்களை நிரப்பி முடித்தபோது அவள் தட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இப்போது அதே சட்டையோடு அவன் தன் அறையில் உட்கார்ந்திருந்தான்.

"என் பேரு எங்கண்ணா?"

"படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருந்துச்சு," என்றான், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ என்ன வெளியாளா? நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?"

ஒன்பது பேருக்கு நெரிசல் இல்லாமல் இடம் போட்டுக் கொடுத்தவளுக்கு இடம் இல்லையாம். பெயர்கள் அதிகமிருந்தால் கூடுதல் தாள் இணைக்கலாம் என்று அந்தப் படிவத்தின் அடியிலேயே பொடி எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பதவி வேண்டாம், பாராட்டு வேண்டாம், பெயர் ஒன்றைப் போட்டால் போதும் என்றுதான் அவள் கேட்டாள்.

அம்மாவிடம் போனில் சொன்னாள். "அண்ணன் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானேடி," என்றாள் அம்மா. "சின்னதுலேர்ந்தே நீ இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் அவன்கூடப் போட்டி."

இரண்டு வாரம் கழித்து ஒன்பது கேமராக்களை மாடி முழுக்க மாட்டிச் சோதித்தார்கள். ஏழு கேமராக்கள் கணீரென்று பேசின. ஐந்தாவதும் ஆறாவதும் மட்டும் உளறின. சில்லு சரியில்லை என்றார்கள், சுவர் தடிமன் என்றார்கள். அவள் விண்ணப்பத்தில் அச்சாகியிருந்த அட்டவணையை எடுத்து ஐந்தாவது வரிசையைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு அல்ல.

அலைவரிசையின் நடுவில் சில இழைகளைக் காலியாக விட வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் இடது பாதி, அந்தப் பக்கம் வலது பாதி. அவர்கள் குழுவில் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்கள். அன்றைக்கு மேசையில், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று அம்மா குறுக்கே கரண்டியை நீட்டிய நேரத்தில், ஐந்தாவது வரிசையின் வலது பாதியை மட்டும் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தாள். ஓர் இழை தள்ளிப்போய், அந்தப் பாதி முழுக்க ஐந்தாவது கருவி ஆறாவதன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மறுநாளே கண்டுபிடித்து வேறு தாளில் திருத்தினாள். அண்ணனிடம் சொன்னபோது, "அப்புறம் பாக்கலாம்," என்றான். பார்க்கவில்லை. பழைய தாளை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்து அனுப்பியிருக்கிறான்.

அவன் தானாகப் போட்டிருந்தால் இதே இடத்தில் இதே தப்பு வந்திருக்காது, அது அவள் தாள் என்பதற்கு அந்தத் தப்பே சாட்சி. இனி யார் போட்டது என்று கேட்கத்தான் போகிறார்கள், அண்ணன் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். திருத்திய தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த அட்டவணை யார் போட்டது?" என்று கேட்டார் இயக்குநர்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "தங்கச்சிதான் சார்," என்றான். அதோடு நிற்காமல் அவள் முழுப்பெயரையும் முதலெழுத்தோடு, பிசிறில்லாமல் சொன்னான். இயக்குநர் அதைப் பிழை அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

"கவனமா இருக்க வேண்டாமாம்மா?" என்றார். "இதுல உங்கண்ணன் உழைப்பு எவ்வளவு இருக்கு. நாளைக்குக் காலையில திருத்தம் அனுப்பியாகணும். சரியானது வச்சிருக்கீங்களா?"

கைப்பை மடியில் இருந்தது. எடு என்று அண்ணன் கண்ணாலேயே சொன்னான். சின்ன வயதில் காப்பி அடிக்க அவளுடைய நோட்டைக் கேட்ட அதே பார்வை.

"அண்ணனைக் கேளுங்க சார். கண்டுபிடிச்சவர் அவர்தானே."

யாரோ செருமினார்கள். அண்ணன் எழுந்து பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டான். அதை நடுவில் வெட்டினான். ஐந்து என்று எழுதினான், அழித்தான், இடம் மாற்றி எழுதினான், அதையும் அழித்தான். சட்டையின் முதுகு நனைந்தது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, அப்படி இருந்ததே இன்னும் கசந்தது. கடைசியில் இயக்குநர் சிரித்துக்கொண்டே, "அண்ணனும் தங்கச்சியும் வீட்டுல பேசி முடிச்சிட்டு வாங்க," என்று கூட்டத்தைக் கலைத்தார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைவதற்குள் அம்மாவின் போன் வந்துவிட்டது.

"அண்ணனை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டியாமே. வந்ததுலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல அவனுக்கு."

"அம்மா, என் பேரு..."

"உன் பேரைத்தான் சொன்னானாமே, அத்தனை பேர் முன்னாடி? அதைத்தானேடி கேட்டே?"

"ஆமாம்மா," என்றாள் அவள். "அதைத்தான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். திருத்திய தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மறுபடி போட அவளுக்குக் கால் மணி நேரம் போதும். அண்ணனுக்கு ஆயுசு போதாது.