பிரிச்சுப் பாத்தீங்களா

கல்யாணப் புடவை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முந்தியில் ஓர் இழை அறுந்திருந்ததைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தேன். பட்டுக்கடையில் புடவை பார்க்கிற வேலை எனக்கு. பதினேழு வருஷமாக ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் நெய்து வருகிற புடவைகளை மடிப்புப் பிரித்து, முன்பக்கம் பார்த்து, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவேன். என் முடிச்சை முதலாளிகூட மறுத்துப் பேசமாட்டார். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அருள்பிரகாஷ் வந்து நின்றான். முன்பு எங்களுக்குத்தான் நெய்துகொண்டிருந்தான். தோள்பட்டை வலி தாங்காமல் தறியை விட்டுவிட்டு, போன வருஷம், இரண்டாயிரமாம் ஆண்டில், எங்கள் தெருமுனையில் நான்கு டிவி வைத்து வீடியோ கேம் கடை போட்டான்.

"இன்னா அருளு, கைய வீசிகினு வந்துட்ட?"

"மனுவுல மொதல் கையெழுத்து உங்களுதாமேக்கா."

அவன் கடையை மூடச் சொல்லி எதிர்வீட்டு சோபியா டீச்சர் எழுதிய மனு அது. சூதாட்டம், கொலைவெறி, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று முத்து முத்தான எழுத்தில் இரண்டு பக்கம். அதற்கு முந்தின நாள்தான் என் மகள் தீபா அந்தக் கடையிலிருந்து வந்து, "மூணு உயிரும் போச்சும்மா" என்று சாவகாசமாகச் சொல்லியிருந்தாள். யார் உயிர், எப்படிப் போனது என்று நான் கேட்கக்கூட இல்லை. அபிதகுசாம்பாள் என்று முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குக் கீழே தெருவே வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

"அபிதாக்கா பாக்காம போட்டிருக்க மாட்டாங்கன்னு சொல்லிகினு எல்லாரும் போட்டுட்டாங்கக்கா. திங்கக்கெழம நகராட்சில குடுக்கறாங்களாம். கடைய மூடிட்டா நான் திரும்பத் தறியிலதான் ஒக்காரணும். இந்தத் தோள வெச்சிகினு முடியாதுக்கா."

நான் புடவையை மடிக்கத் தொடங்கினேன். அவனே மெதுவாகக் கேட்டான்.

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லி அடக்கியிருப்பேன். ஒருமுறை இவன் புடவையைக் கட்டோடு தள்ளிவைத்த முதலாளியிடம், "பிரிச்சுப் பாக்காம குறை சொல்லாதீங்க மொதலாளி" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியவள் நான். அதைப் பத்திரமாக வைத்திருந்து இப்போது எனக்கே திருப்பிக் கொடுக்கிறான். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அவன் மேல் அல்ல.

அன்று சனிக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் அவன் கடைக்குப் போனேன். முதலில் மோட்டார் பைக் ஆட்டம். மூன்று தடவை மரத்தில் மோதினேன். "மூணு உயிரும் போச்சுக்கா" என்றான் அருள். இதுதானா அந்த உயிர் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த டிவியில் மேலிருந்து கட்டைகள் விழ விழ, சந்து விடாமல் அடுக்க வேண்டும். புடவை டிசைனுக்குக் கிராஃப் தாளில் கட்டம் நிரப்புகிற மாதிரியே இருந்தது. அவன் "ஜல்தி, ஜல்தி, திருப்புங்க" என்று கத்த, "சும்மா இருடா" என்று நான் கத்த, சாப்பாட்டையே மறந்துபோனேன்.

மூன்றாவதில் பந்து விளையாட்டு. கடைசி டிவியில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். விழுந்தவனை மிதித்தால் கூடுதல் புள்ளி. என் கட்டைவிரல் விடாமல் மிதித்தது. ஜெயித்தேன். ஜெயித்தது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இதுல குறை இருக்கு அருளு."

"அதுக்குத்தான்க்கா நெறைய பேர் வராங்க."

"வரட்டும். குறை குறைதான்."

வாசலில் நிழல் விழுந்தது. சோபியா டீச்சர், கையில் மனுவோடு.

"நீங்களா? இங்க இன்னா பண்றீங்க?"

"பாத்துகினு இருக்கேன் டீச்சர்."

"இத ஆடிப் பாத்தாதான் தெரியுமா? நீங்க ஒரு நாளும் தறியில ஒக்காந்ததில்ல. புடவைக்குக் குறை சொல்றீங்க இல்ல?"

கேள்வி நியாயமானது. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"நெய்யத் தெரியாதுதான். ஆனா பிரிச்சுப் பாக்காம சொன்னதில்ல டீச்சர். இந்த மனுவுலதான் பாக்காம சொல்லிட்டேன். எம் பேர அடிச்சிடுங்க. இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் வேற மனு எழுதுங்க, அதுல நானே மொதல் கையெழுத்துப் போடறேன்."

இடுப்பில் செருகியிருந்த சிவப்பு நூலை எடுத்து, கடைசி டிவியின் ஜாய்ஸ்டிக் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டேன். அருள் தடுக்கவில்லை. பிறகு கட்டை ஆட்டத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து டீச்சருக்கு இடம் விட்டேன்.

டீச்சர் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மனுவைச் சுருட்டினார். டிவியில் முதல் கட்டை மெதுவாக இறங்கத் தொடங்கியபோது வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு செருப்பை மட்டும் கழற்றியிருந்தார்.