சந்து விடாத அறை

தேவகியின் குரல், 2023 சித்திரை இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவர் வீட்டு மாடி அறையின் கிழக்குச் சுவருக்குள் போய் எழுபத்தொரு நாள் அங்கேயே தங்கிவிட்டது. அன்று ஆரணியில் வெயில் நூற்று மூன்று டிகிரி. காலையில் அரை மணி நேரம் கரண்ட் போய் வந்தது. குரல் போனதற்கும் கரண்ட் போனதற்கும் சம்பந்தம் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

தேவகியின் முகம் தெரியாதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். ஆரணியிலிருந்து வந்தவாசி, தேசூர் வரைக்கும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஓடும் விளம்பர ஆட்டோக்களில் பேசுவது அவர்தான். பட்டுப்புடவைத் தள்ளுபடி, கும்பாபிஷேகம், கண் பரிசோதனை முகாம், காணாமல் போன எருமை எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது அந்தக் குரல். எருமை அன்று சாயங்காலமே தானாக வீடு திரும்பியது. குரலைக் கேட்டுத்தான் வந்தது என்று ஆட்டோக்காரர் ராஜவேலு சொன்னார், யாரும் மறுக்கவில்லை. தேவகி இதையெல்லாம் போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு செல்போனில் பதிவு செய்வார். ஆட்டோவுக்கு அது போதும். ஆனால் சென்னையில் புத்தகங்களைக் குரலில் வெளியிடும் ஒரு கம்பெனி அவரைக் கதை படிக்கக் கூப்பிட்டபோது போர்வை போதவில்லை. அனுப்பிய மாதிரிப் பதிவு மூன்று முறை திரும்பி வந்தது. குரல் அருமையாக இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து படிப்பது போல் கேட்கிறது, மேலும் பின்னால் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அவரை உள்ளே விட்டுவிட்டுப் படிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். தட்டியது வேறு யாருமில்லை, கீழே தறியில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர் தணிகாசலம்.

தணிகாசலம் இதைத் தன் மேல் வந்த பழியாக எடுத்துக்கொண்டார். மாடி அறையை ஸ்டுடியோ ஆக்கிக் காட்டுகிறேன் என்று மாசி மாதத்தில் இறங்கினார். முதலில் கடை கடையாகப் போய் முட்டை அட்டைகளை வாங்கி வந்து சுவரில் ஒட்டினார். எதிரொலி அப்படியே இருந்தது, எறும்பு மட்டும் புதிதாக வந்தது. அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சென்னையில் ஒலிப்பதிவு வேலை செய்யும் அன்பரசுவுக்குப் போன் போட்டார். அன்பரசு தேவகிக்குத் தூரத்து உறவு, பொறுமைசாலி. வெளிச் சத்தத்தைத் தடுப்பது ஒரு வேலை, உள்ளே சத்தம் சுவருக்குச் சுவர் மோதி உருளாமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை என்று பிரித்துச் சொன்னார். முதல் வேலைக்குக் கதவு, ஜன்னல் விளிம்பெல்லாம் ரப்பர் வைத்து அடைக்க வேண்டும். இரண்டாவதற்கு மரச்சட்டத்தில் பஞ்சு மாதிரி எதையாவது திணித்துத் துணி போர்த்தி, அங்கங்கே மாட்ட வேண்டும். கனத்த சத்தம் மூலையில்தான் போய்ச் சேரும், அதற்கு மூலைகளில் மொத்தமாக ஏதாவது வைக்க வேண்டும்.

"ஆனா மாமா, மூடறது முப்பது பர்சென்ட் போதும். மீதிச் செவுத்த சும்மா வுட்டுடுங்க. சந்து இருந்தாத்தான் கொரலுக்கு உசுரு" என்று அன்பரசு முடித்தார்.

தணிகாசலம் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் செய்தார், கடைசி வரியைத் தவிர. மூலைகளுக்கு அரிசி மில்லிலிருந்து உமி மூட்டைகள் வந்தன. சட்டத்துக்குள் திணிக்கத் தெருவில் முப்பத்திரண்டு தறிகளிலும் சேர்ந்திருந்த கழிவுப் பட்டு வந்தது. அரை நாள் தறி, அரை நாள் ஆணி என்று இரண்டு மாதம் ஓடியது. முதல் சட்டத்தை மாட்டிவிட்டுப் பக்கத்தில் ஓரடி வெறும் சுவர் தெரிவதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. பதினாறு வயதிலிருந்து தறியில் இருப்பவர். நெய்த துணியில் ஓர் இழை அளவு இடைவெளி தெரிந்தால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். "சந்து வுட்டா அது துணியா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு அடுத்த சட்டத்தை முதல் சட்டத்தோடு ஒட்டி மாட்டினார். அப்படியே நாலு சுவரும் மூடின. கூரையும் மூடியது. கதவின் உட்புறம், சுவிட்ச் போர்டைச் சுற்றி, மின்விசிறியின் தண்டைச் சுற்றி, எங்கேயும் ஊசி நுழைய இடமில்லை. பட்டு வேலை என்று பார்த்தால் அது ஒன்றாம் தரம்.

அறை தயாரானதும் ராஜவேலு பார்க்க வந்தார். உள்ளே கை தட்டினார், சத்தம் வரவில்லை. தணிகாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டுத் தூசி மூக்கில் ஏறி ராஜவேலு ஒரு தும்மல் போட்டார், அதுவும் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் வெளியிலும் சத்தமில்லாமல்தான் தும்மினார். மோர் குடித்ததால் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. தேவகி குளித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதையின் முதல் அத்தியாயத்தைப் பத்து நிமிடம் படித்தார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். இருந்த குரல் முழுவதையும் கொடுத்துப் படித்தார். முடித்துவிட்டுப் பார்த்தால் போனில் பதிவுக்கோடு குளத்துத் தண்ணீர் போலத் தட்டையாகக் கிடந்தது. வெளியே வந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். வாய் திறந்தது, குரல் வரவில்லை.

வேலூரில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டை பச்சைப் பிள்ளையின் தொண்டை மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். தினமும் கால் மணி நேரம் வாயசைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார். குரல் சுவரில்தான் இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும், ஆனால் அதற்கு மாத்திரை இல்லை. பாய் தட்டுவது போலப் பட்டுச் சட்டங்களைக் கம்பால் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் தறிச் சத்தமும் ராஜவேலுவின் தும்மலும் உதிர்ந்தன, தேவகி உதிரவில்லை. சட்டங்களைப் பிய்த்துவிடலாம் என்று ராஜவேலு சொன்னதற்குத் தணிகாசலம் ஒப்பவில்லை. சிக்கு விழுந்த நூலை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், குரலும் பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்ற பயம் அவரைத் தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. தறியில் உட்கார்ந்தாலும் கால் மிதிக்கவில்லை.

தேவகிக்குத்தான் பெரிய பேஜார். ஆடித் தள்ளுபடி நெருங்கியது. பழைய பதிவை வைத்து ராஜவேலு ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தேவகி விரலால் கொத்தமல்லிக் கட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, "தாய்மார்களே, அலைகடலெனத் திரண்டு வாருங்கள்" என்று அவர் குரல் அவரைக் கடந்து போகும். காய்காரர் ஆட்டோவைப் பார்ப்பார், தேவகியைப் பார்ப்பார், ஒரு கட்டு சேர்த்துக் கொடுப்பார். தேவகி வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் அழுவார். ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு மாடி ஏறுவதை மட்டும் விடவில்லை. கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கால் மணி நேரம் உதடு அசைப்பார். டாக்டர் சொன்ன பயிற்சி என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார்.

ஆனி மாதக் கடைசியில் அன்பரசு போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாமா, எங்கனா சந்து வுட்டீங்களா?"

தணிகாசலம் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "வுட மனசு வர்லப்பா" என்றார்.

போனை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தேவகி சுவரைப் பார்த்து ஏதோ உதடசைத்துக்கொண்டிருந்தவர், இவரைக் கண்டதும் பாதியில் நிறுத்தினார். தணிகாசலம் கிழக்குச் சுவரின் நட்டநடுச் சட்டத்தில் கை வைத்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கை வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டதில்லை. நாலு திருகாணியையும் கழற்றிச் சட்டத்தை இறக்கிக் கீழே சாய்த்து வைத்தார். ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதிலிருந்து தேவகியின் குரல் கதையின் முதல் அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தது.

குரல் நூல்கண்டு பிரிவது போல வரிசையாக வந்தது. முதல் அத்தியாயம் முடிந்ததும் இரண்டாம் நாள் அவர் உதடசைத்த பேச்சு வந்தது. தேவகி பயிற்சி செய்யவில்லை, தினமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. உதட்டிலிருந்து சொல் போயிருக்கிறது, சொல்லுக்கு வேண்டிய குரல் சுவருக்குள் காத்திருந்திருக்கிறது. எழுபத்தொரு நாள் பேச்சு வெளியே வர இரண்டு பகல் ஆனது. தெரு முழுக்கக் கேட்டது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர்வீட்டுச் சின்னம்மா ராட்டினத்தை வாசலுக்கே தூக்கி வந்து நூல் சுற்றிக்கொண்டு கேட்டார்.

"சின்னம்மா நம்ம குக்கர வாங்கினு போயி ஒரு வருசம் ஆவுது. கேட்டா மொகம் சுருங்கிப் பூடும். இப்ப கேக்கறதுக்கு வாயும் இல்ல" என்றது சுவர்.

சின்னம்மா எழுந்து உள்ளே போய்க் குக்கரைத் துலக்கி எடுத்து வந்து கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார்.

"இந்த மனுஷன் ஈரத் துண்ட கட்டில் மேல போட்றாரு. இருவத்திரெண்டு வருசமா சொல்றேன். வாயி இல்லன்ன ஒடனே ரெண்டு துண்டா போட்றாரு" என்றது சுவர். தெரு சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தன் பேச்சைத் தானே கேட்பது அவருக்குப் புதிதில்லை, ஆனால் இதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் நாற்பத்து மூன்றாம் நாளின் பேச்சு வந்தது. "ஆணி அடிச்சி அடிச்சி அவரு கட்டவெரலு நகம் கறுத்துப் பூட்ச்சி. ரூம் நல்லா கீதுன்னு சொல்லணும்னுதான் அன்னிக்கி உள்ள வந்தேன். படிச்சி முடிச்சிட்டு சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். இப்ப அவரு தன்னாலதான் போச்சின்னு மருகிகினு கீறாரு."

தணிகாசலம் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு வாசலில் ராட்டினம் நின்றது.

சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்குச் சுவர் கடைசி நாளுக்கு வந்து சேர்ந்தது. "ஏங்க, கொரலு மட்டும் திரும்பி வந்துச்சின்னா மொதல்ல" என்றது. அங்கே நின்றுவிட்டது. ஸ்க்ரூடிரைவரோடு தணிகாசலம் உள்ளே வந்த நேரம் அது. சுவரில் அதற்கு மேல் எதுவும் இல்லை. அறையில் இருவரும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகி முந்தானையை எடுத்துவிட்டு, வாயைத் திறந்து, தன் தொண்டையிலிருந்து மீதியைச் சொன்னார்.

"உங்களத்தான் கூப்புடணும்னு இருந்தேன்."

"கூப்புடு" என்றார் தணிகாசலம்.

தேவகி கூப்பிட்டார். மறுவாரம் அனுப்பிய மாதிரியைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, இதுவரை ஒன்பது புத்தகம் படித்திருக்கிறார். இன்னும் பத்துப் பன்னிரண்டு சட்டங்களைத் தணிகாசலமே கழற்றிவிட்டார். அப்படியும் எப்போதாவது ஒரு வார்த்தை சுவருக்குள் போய் மறுநாளும் ஒருமுறை வெளியே வருகிறது. மாடியிலிருந்து "ஏங்க, காபி போடட்டா?" என்று தேவகி செவ்வாய்க்கிழமை கேட்டால், புதன்கிழமை அவர் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் அதே கேள்வி ஆளில்லாத அறையிலிருந்து இறங்கி வரும். தணிகாசலம் தறியை நிறுத்திவிட்டு இரண்டு நாளும் பதில் சொல்கிறார்.