ஐந்தாவது பழுது

பயிற்சி வண்டியில் நான் ஒளித்து வைத்திருந்த பழுதுகள் நான்கு. மூன்றாவது குழு எழுதிக்கொண்டு வந்த தாளில் ஐந்து இருந்தன.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எஞ்சின் வரைந்தே காலத்தை ஓட்டியவன் நான். இந்த வருடம் எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் புது முறை வந்தது. பாடம் நடத்த வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வண்டியைக் கொடுங்கள். பழுதை அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்து ஓட்டிக் காட்டட்டும். ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்டால் போதும். கையைக் கட்டச் சொன்னதில் எனக்கு உள்ளூர நிம்மதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் போன வாரம் விடுமுறை நாளில் தனியாக வந்து, இதே பயிற்சி வண்டிக்குப் புது பிரேக் பேட் மாட்டிப் பழகினேன். அதே சூட்டோடு வீட்டுக்குப் போய் எங்கள் காருக்கும் மாட்டினேன்.

குழுவில் மூன்று பேர். மூத்தவர் டெய்லரக்கா. தையல் வேலை பார்த்த துணிக் கம்பெனியை மூடியதும் நாற்பது வயதில் மெக்கானிக் வேலை படிக்க வந்தவர்.

“நாலு சுலபமா மாட்டிக்கிச்சு சார். கடைசிதான் திணறடிச்சிருச்சு. பிரேக் பேடைத் திருப்பிப் போட்டு வெச்சிருக்கீங்க, இரும்புத் தகடு போய் சக்கரத்தோட சுத்துற டிஸ்க்ல உரசுது. துணியில நல்ல பக்கம் பார்த்துப் பழகின கண்ணு, அதான் பிடிச்சேன். நிஜத்துல இப்படி யாராச்சும் மாட்டுவாங்களா சார்?”

மற்ற இருவரும் என்னை மேதையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

ஆட்டிய தலை பாதியில் நின்றது. ஒரு வாரமாக மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள், பிரேக் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வருகிறது என்று. புது பேட் அப்படித்தான் இருக்கும் என்று அவள் வாயை அடைத்தவன் நான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் மேம்பாலத்தில் இறங்குகிறவள் அவள். உடனே அவளைப் போனில் கூப்பிட்டேன்.

போனை மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

“ஆபீஸ்ல இருந்து கெளம்பிட்டேங்க, சாவி போட்டாச்சு. ஸ்கூல் விடுற நேரம்.”

“போட்ட சாவியை எடு. எறங்கி நில்லு. பிள்ளைங்கள ஆட்டோவுல அனுப்பச் சொல்லி நான் ஸ்கூலுக்குப் போன் பண்றேன்.”

போனை வைத்தபோது மூவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் சமாளித்திருக்கலாம். ஆனால் அதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

“அஞ்சாவது நான் வெச்ச பழுது இல்லம்மா. எனக்குத் தெரியாமலே நான் பண்ணின தப்பு. வீட்டு வண்டிலயும் அப்படித்தான் மாட்டியிருக்கேன்.”

டெய்லரக்கா சிரிக்கவில்லை. “ஜாக்கியை எடுங்கப்பா” என்றார்.

ஆபீஸ் வாசலில், தோளில் பையோடு மனைவி காரைவிட்டுத் தள்ளி நின்றிருந்தாள். எங்கள் படையைப் பார்த்ததும், “ஏங்க, இதுவும் உங்க புதுப் பாடமா?” என்றாள். மற்ற இருவரும் ஜாக்கியை முன்பக்கம் வைத்து ஏற்றினார்கள். டெய்லரக்கா ஸ்பேனரை என்னிடம் நீட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“சார், எந்தப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்து வரணும்?”

பரீட்சையில் கேட்பது போலத்தான் கேட்டார். குரலில் கேலி இல்லை. மண்டி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கில் வட்டம் வட்டமாக ஆழமான கோடுகள். மனைவி குனிந்து, ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, அதன் வழியே மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள்.