ஓடுகிற மெஷின் மேல் ஒரு புகார்

அவர் ஓட்டுகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் தூக்கம் தானாக வந்துவிடும். அதனால் டிப்போவில் அவருக்குத் தாலாட்டு என்று பெயர். குழியைத் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்துவிடுவார். "இவர் பிரேக்கை மிதிக்கிறதில்ல, தடவிக் குடுக்குறாரு" என்று கண்டக்டர் கேலி செய்வார். இத்தனை வருட வேலையில் தாலாட்டின் மேல் யாரும் ஒரு புகார் சொன்னதில்லை. அவரும் யார் மேலும் சொன்னதில்லை. மனைவிக்கு மூச்சு மெஷின் வாங்கின பிறகுதான் அந்தப் பழக்கம் அவருக்கு வந்தது.

மனைவியின் நுரையீரல் பாதி ஓய்ந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்டிதான் மீதிப் பாதி. அறைக் காற்றை உறிஞ்சி, அவளுக்கு வேண்டியதைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக அனுப்பும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதன் குணம் தெரிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுவிடும். நின்றால் கூவ வேண்டிய மணியும் கூவாது. சுவிட்சை அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும். மூச்சு முட்டி அவள் கட்டில் சட்டத்தைத் தட்டினால்தான் நின்றது தெரியும். அவள் தூக்கத்தில் இருந்தால் அதுவும் இல்லை.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே போட்டதும் பூனை மாதிரி சுகமாக உறுமியது. "நல்லாத்தானே ஓடுது சார்" என்றார்கள். இன்னொன்று வாங்கலாம் என்றால் விற்பதற்கு வீட்டில் இனி ஒன்றுமில்லை. மாற்றிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் அரசின் புகார் மையத்துக்குத்தான் உண்டு என்று யாரோ சொன்னார்கள். கெட்டுப்போன மாவிலிருந்து எரியாத தெருவிளக்குவரை எல்லாவற்றுக்கும் ஒரே எண். தாலாட்டு அந்த எண்ணில் புகாரைப் பதிந்தார். "எங்கள் அலுவலர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்றது ஒரு குரல். அதன் பிறகு கொஞ்ச நாள் கிணற்றில் போட்ட கல்தான்.

மெஷின் மாறும்வரை மனைவியைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்திருந்தாள். அவர் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் கண்கொட்டாமல் கட்டிலருகே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் ஒரு வேலை, இரண்டு பிள்ளைகள். திங்கட்கிழமையோடு அவள் விடுப்பு முடிகிறது. அதற்குள் மெஷின் மாறவேண்டும். மாறாவிட்டால் அவர் வேலையை விடவேண்டும், இல்லை மனைவியை அந்தப் பெட்டியின் தயவில் விட்டுப் போகவேண்டும். இரண்டையும் நினைத்து நினைத்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலர் கூப்பிடத்தான் செய்தார். ஆனால் கூப்பிட்ட நேரம் பார்க்க வேண்டும். வண்டியில் இருக்கும்போது ஓட்டுநரின் செல்போன் கண்டக்டரின் பையில் இருக்கவேண்டும் என்பது விதி. முதல் தடவை எடுத்த கண்டக்டர், "அவர் வண்டி ஓட்டுறாரு" என்றார். புகார்தாரரிடம் மட்டும்தான் பேசமுடியும் என்று வைத்துவிட்டார்கள். திருப்பிக் கூப்பிட்டால் அந்த எண் எடுக்காது. அடுத்த தடவையும் இதே கதை ஆனதும் கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் செய்கிற தப்புக்கு மருந்தே கிடையாது. மூன்றாம் தடவை அழைப்பு வந்தபோது, "ஆமாங்க, நான்தான் பேசுறேன்" என்று சொல்லிவிட்டார்.

"இப்ப மெஷின் வேலை செய்யுதுங்களா?"

அன்று காலை தாலாட்டு அவரிடம், 'இன்னைக்கு இதுவரைக்கும் ஓடுது' என்று பெருமூச்சோடு சொல்லியிருந்தார். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது என்று கண்டக்டர், "ஓடுதுங்க" என்றார்.

"நன்றி" என்று வைத்துவிட்டார்கள். சாயங்காலம் செய்தி வந்தது: கருவி இயங்குகிறது, புகார் மூடப்பட்டது.

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லது பண்றேன்னு உன் குடியைக் கெடுத்துட்டேனே டிரைவரே!" தாலாட்டுக்குத் திட்டக்கூட வரவில்லை. மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு மையத்துக்கே போனார்.

கவுண்டரில் இருந்த பெண் கெட்டவள் இல்லை. தேய்ந்துபோயிருந்தாள், அவ்வளவுதான்.

"மூடினதை எங்களால திறக்க முடியாது சார்."

"அப்ப புதுசா ஒண்ணு போடுங்கம்மா."

"அதே ஆளு, அதே மெஷின்னா புதுசும் பழசோட போய் ஒட்டிக்கும். அதுவும் மூடினதாத்தான் காட்டும்."

"பின்ன நான் எங்கதான் போய் முட்டிக்கிறது?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க சேவை எப்படி இருந்துச்சுன்னு கருத்துக் கேட்டு ஒரு போன் வரும். ஒரே ஒரு தடவைதான் வரும். கடைசிக் கேள்வி வரைக்கும் இருந்து, திருப்தியே இல்லைன்னு அழுத்துங்க. அப்படி வந்தா மட்டும் தானா மேலதிகாரிகிட்ட போயிடும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். "குறையைக் கேக்க ஆள் இல்லையாம். குறை கேட்ட அழகு எப்படின்னு கேக்க ஆள் இருக்காமா? நல்லா இருக்குங்க இது."

வெள்ளிக்கிழமை, நெரிசல் வேளை. பேருந்து மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் முன்னால் ஓடிவந்தார். கையில் போன் அலறிக்கொண்டிருந்தது. "டிரைவரே, அந்த நம்பர்! நான் எடுக்கமாட்டேன் சாமி, நீயே எடு!"

தாலாட்டு பிரேக்கை மிதித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மிதித்தார். நின்றவர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடி காலடியில் நொறுங்கியது.

"வணக்கம். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்றது பதிவு செய்த குரல். பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பிக் காதைக் கிழித்தன. அலுவலர் மரியாதையாகப் பேசினாரா? ஒரு காதைப் பொத்திக்கொண்டு அழுத்தினார். காத்திருப்பு நேரம் ஏற்கத்தக்கதா? அழுத்தினார். "யோவ், இது என்ன உன் வீட்டு வாசலா?" என்று கத்தினார் ஒருவர். இன்னும் சிலர் போனை எடுத்து அவரைப் படம் பிடித்தார்கள். "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று அவர் கும்பிட்டார். குரல் நிதானமாக அடுத்த கேள்விக்கு வந்தது. கடைசிக் கேள்வி, என்றது.

அப்போது திரையில் இன்னொரு அழைப்பு மின்னியது. வீடு.

மைத்துனி வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. அதை எடுத்தால் இது போய்விடும். இதை முடித்தால் அங்கே என்ன ஆகுமோ. இரண்டு பக்கமும் மனைவியின் உயிர்தான். யோசிக்கக்கூட நேரமில்லை, கட்டைவிரல் தானாக வீட்டுப் பக்கம் போனது.

"மாமா, நின்னுடுச்சு மாமா! கொஞ்சம் கண்ணசந்துட்டேன்... அக்கா வாயெல்லாம் நீலமா..."

"சுவிட்சை அணைச்சுப் போடு! மூலையில அவசரத்துக்கு வெச்ச சின்ன சிலிண்டர் இருக்கு பாரு, குழாயை அதுல மாட்டு! அழாத, முதல்ல மாட்டு!"

அங்கே தடதடவென்று சத்தம். பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு நேரம். பாலத்தின் மேல் அத்தனை ஒலியும் எங்கோ போய்விட்டது. பிறகு மனைவியின் இருமல் கேட்டது. அந்த இருமலைப் போல இனிமையான ஒன்றை அவர் கேட்டதே இல்லை.

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, பயணிகள் முன்னாலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். கருத்துக் கேட்ட குரல் எப்போதோ போய்விட்டிருந்தது.

டிப்போவுக்கு வந்து சேர்வதற்குள் மேலாளர் வாசலிலேயே நின்றார். "உன் பேர்ல புகார் வந்து குவியுது. பாலத்துல வண்டியை நிறுத்திட்டு போன் பேசினியாமே? உனக்கு என்னய்யா ஆச்சு? விசாரணை முடியற வரைக்கும் வண்டியைத் தொடாத."

தாலாட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் புகாருக்கு எத்தனையோ நாளாக அசையாத மையம், அவர் மேல் வந்த புகாருக்கு அன்று மாலையே கூப்பிட்டது. அழைத்தது பதிவு செய்த குரல் இல்லை. உயிருள்ள ஒரு பெண்ணின் குரல்.

"உங்க மேல பொதுமக்கள் புகார் வந்திருக்கு. உங்க தரப்பு விளக்கத்தை முழுசா பதிவு பண்ணணும். அவசரப்படாம சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் நாய் படாத பாடு பட்டார்! மெஷினில் ஆரம்பித்தார். மணி கூவாததைச் சொன்னார், கண்டக்டரின் நல்ல மனசைச் சொன்னார், கடைசிக் கேள்வியைச் சொன்னார். அந்தப் பெண் நடுவில் குறுக்கிடவே இல்லை.

"மெஷின் புகாரு வேற பிரிவுங்க, அதை நான் தொடமுடியாது" என்றாள் கடைசியில். "ஆனா நீங்க சொன்ன காரணம் உண்மையான்னு பார்க்கிறது எங்க வேலை. நாளைக்கு ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவாரு. மெஷின் நிக்கிறதை அவர் பார்த்து எழுதினாருன்னா, அந்த அறிக்கை நேரா மேலதான் போகும்."

அதிகாரி மறுநாள் காலை வந்தார். வழுக்கைத் தலை, வியர்த்த சட்டை, கையில் ஒரு பழைய பை. நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மெஷின் ஓடியது. வாத்தியார் தலையைக் கண்டதும் கையைக் கட்டிக்கொள்ளும் வாலுப்பிள்ளை மாதிரி, அப்படி ஒரு ஒழுங்கு. தேநீர் வந்தது, ஆறியது. மைத்துனி கதவோரம் நின்று புடவைத் தலைப்பைக் கசக்கினாள். நேரம் நகர்ந்துகொண்டே போனது. மெஷின் ஒரு இழை பிசகவில்லை.

'நின்னு தொலையேன்.'

தாலாட்டு திடுக்கிட்டார். அந்தச் சொல் தன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது என்று தெரிந்ததும் உடம்பு கூசியது. கட்டிக்கொண்டவளின் மூச்சை நிற்கச் சொல்லி வேண்டிக்கொள்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டார்களே! நிமிர்ந்தால் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நினைத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. "நானும் அதைத்தாங்க வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கும் பரிதாபமாத்தான் இருக்கும்மா. ஆனா பார்த்ததைத்தானே எழுதமுடியும்? மெஷின் ஓடுது." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார்.

அப்போது நின்றது.

சத்தமில்லை, மணியில்லை. அதிகாரி அடுத்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தாலாட்டு பாய்ந்து சுவிட்சின் மேல் கையை வைத்தார். வைத்த கையை மனைவியின் கை இறுக்கிப் பிடித்தது. அவளிடம் அத்தனை பலம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

"விடும்மா!"

அவள் தலையை ஆட்டினாள். "அவர்... பார்க்கட்டும்."

"சார்! நின்னுடுச்சு சார்! ஓடிவாங்க!" மைத்துனியின் அலறலில் அதிகாரி ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடிவந்தார். மெஷினைப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு அவள் உதட்டைப் பார்த்து வெலவெலத்துப்போனார்.

"பார்த்துட்டேம்மா! போதும், சுவிட்சைப் போடுங்கய்யா!"

அவள் விடவில்லை. மைத்துனி சிலிண்டர் குழாயோடு வந்தபோது மற்ற கையால் அதையும் தள்ளினாள். அவள் கண் அதிகாரியின் சட்டைப்பையில் இருந்த பேனாவின் மேல் இருந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை. 'எழுதுங்க' என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. தாலாட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். பிரிக்கப் பிரிக்க அவை திரும்ப வந்து மூடின. அதிகாரி பேனாவைத் தவறவிட்டு, எடுத்து, நின்றபடியே எழுதினார். எழுதியதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

பிடி தளர்ந்தது. படித்துவிட்டுத்தான் விட்டாளா, இல்லை பிடிக்க இனிப் பலம் இல்லையா, அவருக்குத் தெரியவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டார். மெஷின் உறுமத் தொடங்கியது. அவள் நெஞ்சு அசையவில்லை. "ஏம்மா, ஏம்மா" என்று கன்னத்தைத் தட்டினார். அதிகாரி குழாயை அவள் மூக்கில் சரியாகப் பொருத்தித் தன் கையாலேயே பிடித்துக்கொண்டார். மைத்துனி காலைப் பிடித்துத் தேய்த்தாள்.

வெகுநேரம் கழித்து, கிழிந்த துணி மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

"பாவி, செத்துப்போயிருந்தா என்னடி பண்ணுவேன்?" தாலாட்டு அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர் தலைமேல் கையை வைத்தாள். "அப்ப உடனே மாத்திக் குடுத்திருப்பாங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி ஒற்றைச் செருப்போடு தரையில் உட்கார்ந்து, குழாயை விடாமல் பிடித்திருந்தார்.