பின் இருக்கையின் எடை

அப்பா முன் இருக்கையில் நாய்த்தீனி மூட்டைகளை அடுக்கி முடித்தபோதுதான், இனி நான் நினைத்தாலும் இறங்க முடியாது என்பது உறைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் வருடத்து ஃபோர்டு கார் அது. கதவு இரண்டே இரண்டு, இரண்டும் முன்னால். பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் இறங்கி, இருக்கையை மடக்கி வழிவிட வேண்டும். இப்போது முன்னால் இருந்தது அப்பா, அம்மா எடைக்கு நாய்த்தீனி. என் எடைக்கு மட்டும் நானே.

"இன்னொரு மூட்டை போடு வெர்ல்," என்றார் அப்பாவின் கூட்டாளி கேலன். இரவல் வாங்கி வந்த தராசுகளைப் பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நெடின் இவ்வளவு லேசா இருக்க மாட்டா."

"காதுல விழுது கேலன்!" சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா. "உன் வாய எடை போட ஆயில்டேல்ல தராசே கிடையாது."

"அப்ப நீயே வந்து உக்காரு."

"என் எடைய நீ படிச்சு ஊரெல்லாம் சொல்றதுக்கா? போடா போ."

இந்த வண்டியில் இதுவரை, பின் அச்சுக்கு மேலே குறுக்காகக் கிடந்த ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைதான் எல்லாவற்றையும் தாங்கியது. அழகுக்காக அப்பா கூரையை வேறு வெட்டித் தாழ்த்தியிருந்தார். நெடுஞ்சாலையில் கான்கிரீட் பலகைகள் சேரும் இடத்திலெல்லாம் பின்பக்கம் உதைக்கும், என் தலை கூரையில் இடிக்கும். போன வசந்தத்தில் பாஸோ ரோப்லஸில் நடந்த பழைய கார் கண்காட்சிக்குப் போகும் வழியில் அம்மாவின் தொப்பிக்குள் வாந்தி எடுத்தேன். அன்றே அப்பா முடிவு செய்துவிட்டார்: பின்பக்கத்தை அடியோடு மாற்றுவது.

எதைப் போடுவது என்று குளிர்காலம் முழுக்க வாக்குவாதம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த பை என்பது கேலனின் கட்சி. "சுவிட்ச அமுக்கினா வண்டி வயித்த தரையில வச்சுப் படுத்துக்கும். கண்காட்சில எவனும் வேற வண்டியப் பாக்க மாட்டான். காத்துத் தொட்டியும் கம்ப்ரசரும் வைக்கப் பின் சீட்ட மட்டும் எடுக்கணும்."

அப்போது நான் அவர்களுக்குக் குளிர்ந்த தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் வாயையே பார்த்தேன்.

"பின் சீட்ட எடுத்தா ட்வைலா எங்கடா உக்காருவா?" என்றார் அப்பா. "இந்த வேலையே அவளுக்காகத்தான்."

காற்றுப்பை அதோடு போயிற்று. அச்சைப் பிடிக்க நான்கு கம்பிகள், பக்கவாட்டில் ஆடாமல் இருக்க குறுக்கே ஒன்று, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங். எல்லாம் முடிவாகி, சுருள் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மிச்சம். அதற்குத்தான் இந்த எடை. ஸ்பிரிங் கடை மூடுவதற்குள் அப்பா போன் செய்து சொல்ல வேண்டும்.

உள்ளே வெயிலும் நாய்த்தீனி வாசனையும் அடைத்துக் கிடந்தன. பக்கத்துக் கண்ணாடி திறக்காது. அதன் வழியே, தெருக்கோடியில் எண்ணெய்க் கிணற்றின் இரும்புத்தலை குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் எனக்கு இதே இடம். கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தால், வண்டிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் சாயங்காலம்வரை இருக்க வேண்டும். நாலு பேரைப் பார்த்தால் எனக்குக் கூச்சம் தெளியும் என்று அம்மாவின் நம்பிக்கை. அந்த நாலு பேரும் வரிசையாக வந்து, ஏன் பேசவே மாட்டேன் என்கிறாய் என்று கேட்பார்கள்.

"அசையாத கண்ணு, முள்ளு ஆடுது." அப்பா குனிந்து, முன்கதவின் தாழ்ந்த ஜன்னல் வழியே முகத்தைக் காட்டினார். வேலை கூடி வந்தால் மட்டும் வரும் முகம். "உன் எடைக்குன்னே ஸ்பிரிங் வரப்போகுது. இனி நீ தூங்கிட்டே வரலாம். பத்து வருஷத்துக்குக் கவலையில்ல."

பத்து வருஷம்.

"அப்பா."

"என்னம்மா, வேர்க்குதா? ஆச்சு, இதோ."

"நான் வரல."

"எங்க?"

"எங்கயும். இனிமே."

"வாந்திக்குப் பயப்படறியா? அதுக்குத்தானே இவ்வளவும்..."

"வாந்தி இல்லப்பா. அங்க எல்லாரும் எங்கிட்ட பேசறாங்க."

கேலன் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "பேசினா என்ன? கடிச்சாங்களா?" என்றவர், அப்பாவைப் பார்த்ததும் மறுபடி குனிந்துகொண்டார்.

"வீட்ல தனியா என்ன பண்ணுவ?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அப்பா மூட்டைகளை இறக்கத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. இருக்கையை மடக்கினார். நான் தலையைக் குனிந்து வெளியே வந்தேன். மூட்டைகள் திரும்ப ஏறின. கடைசி மூட்டையும் ஏறிய பிறகுகூட வண்டியின் பின்பக்கம் முன்பிருந்த அளவுக்கு இறங்கவில்லை. கொஞ்சம் தூக்கியே நின்றது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலன் புது எடையைச் சொன்னார்.

பட்டறைச் சுவரில் இருந்த போனை எடுத்து அப்பா கடைக்காரரிடம் நான் இருந்த எடை, இல்லாத எடை இரண்டையும் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு பேருக்கா மூணு பேருக்கான்னு கேக்கறாங்க," என்றார், வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு. கேலனிடம் சொல்வதுபோல்தான் சொன்னார். நான் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கதவோரம் நின்றேன்.

அப்பா கையை எடுத்தார்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?"