பச்சைக் கோடு விழுந்த சொற்கள்

1

இந்தக் கதை ஒரு பச்சைக் கோட்டில் பிறந்தது. அதை மறைப்பானேன்? எழுதுகிறவளின் பெயர் விஜயராணி. 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் 'அவள்' என்று எழுதுகிறாள். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தாராவியில், சித்தப்பா இசக்கிதுரையின் தோல்பைப் பட்டறையில், கம்ப்யூட்டரில் ஆர்டர் எடுக்கிறாள். தையல் மெஷின்கள் ஓய்ந்து எல்லோரும் சாப்பிடப் போகும் மதியத்தில் அதே கம்ப்யூட்டரில் யாருக்கும் தெரியாமல் கதை எழுதி, ஒரு கதைத் தளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறாள்.

[யாருக்கும் என்பது பொய். கோபர்கைரனேயில் இருக்கும் தோழி கலைச்செல்விக்குத் தெரியும். ஒரே வாசகி. இப்போது நீங்களும்.]

2

முதல் தொடக்கம்: சண்முகவடிவு கடலைப் பார்த்தபடி வீட்டுக்குத் திரும்பினாள்.

தளத்தில் ஏற்றிப் பல நாள் கழித்து வாசித்தால், 'கடலை' பச்சையாகியிருந்தது. அடியில் இரட்டைக் கோடு. அம்புக்குறி பட்டதும் சொல்லுக்குள்ளிருந்து ஒரு பெட்டி எழும்பியது: கோவா சுற்றுலா, தள்ளுபடி. 'வீட்டுக்கு' மேல் பட்டால் நெருளில் பிளாட்.

தளத்துக்காரன்தான் தன் சொற்களை விற்கிறான் என்று நினைத்தாள். பச்சையாகிற சொல்லை எழுதாமலே விட்டால்?

இரண்டாம் தொடக்கம்: சண்முகவடிவு நீலமாக அசைவதைப் பார்த்தபடி கதவைத் தேடித் திரும்பினாள்.

கதவும் பச்சையாயிற்று.

மூன்றாம் தொடக்கம்: சண்முகவடிவு அசைவதைப் பார்த்தபடி திரும்பினாள்.

3

கடல் இல்லாத, மழை இல்லாத தாராவியில் சண்முகவடிவு நடக்கிறாள். சந்துகள் அவளுக்கு வழிவிட்டு, மூச்சுவிட்டு, பின்னால் மூடிக்கொள்கின்றன. சில பத்திகளில் அவள் கால் கீழே படுவதே இல்லை. தரை என்ற சொல்லை டைல்ஸ்காரன் கொண்டுபோய்விட்டான். எங்கே போகிறாள் என்று கேட்டால், எழுதுகிறவளையே திரும்பிப் பார்க்கிறாள். இவள் மனுஷிதானா, அல்லது வெறும்

[இந்த வாக்கியம் முடியவில்லை. தேவைப்பட்ட சொல் பச்சை.]

4

மொத்தமாகப் பை வாங்கும் அக்தர் பானு பட்டறைக்கு வந்திருந்தார். சித்தப்பா தன் பைகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். 'லேடீஸ் பேக்' என்ற எழுத்து பச்சையாகி, அதற்குள்ளிருந்து வேறு எவருடைய பைகளோ எழும்பின.

"அரே இசக்கி பாய், யே தோ ஸஸ்தா ஹை!" இது இன்னும் மலிவாக இருக்கிறதே என்று அக்தர் பானு விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் போனதும் சித்தப்பா கொதித்தார். "என் கடைக்குள்ளயே வந்து எவனோ பை விக்காம்ட்டி! நாளைக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் சாய்நாத்த வரச்சொல்லி மெஷின்ல உள்ளத மொத்தமாத் துடைச்சுருதேன்."

மெஷினுக்குள் இருந்தது சண்முகவடிவு. இன்னும் ஏற்றாத முக்கால் கதை.

"நானே சரி பண்ணுதேன் சித்தப்பா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

[தெரியாது.]

5

"ஏட்டி கலை, என் கதையில பச்சைக் கோடு தெரியுதா?" போனில் கேட்டாள்.

"பச்சையா? எல்லாம் கருப்பாத்தாம்ட்டி கிடக்கு. ஆமா, வடிவுக்கு இருந்த வீடு எங்க போச்சு? பாவம், தெருத்தெருவா அலையவிட்டுட்ட."

"பச்சையாச்சுன்னு எடுத்துட்டேன்."

"பாகல், கிறுக்கி! அது ஒன் மெஷின்ல புகுந்த சனியன். பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன் பக்கத்தத் திற. ஃப்ரீயா என்னத்தப் போட்டுவச்சிருக்க?"

திறந்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இலவசத் தமிழ்த் தட்டச்சு. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கித் தருவது. கதை எழுதவென்று அவளே இறக்கியது.

"அதேதான். எழுதக் கொடுத்துட்டு, எழுதுனத வித்திருக்கு. தூக்கிப் போடு."

"தூக்குனா எதுல எழுத?"

"வேற நல்லதாப் பாத்துப் போடுவோம். அதுவரைக்கும் இங்கிலீஷ் எழுத்துலயே அடி. எனக்கு அதுதான் ஈசி. ஒன் தமிழ எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கதுக்குள்ள என் டிரெயின் வாஷி தாண்டிருது."

6

கருவியை விட்டுவைத்தால் நாளை சாய்நாத் வருவான், வடிவு போய்விடுவாள். நீக்கினால் வடிவு பிழைப்பாள். எழுதியவளின் விரல்களில் தமிழ் நின்றுவிடும், கொஞ்ச நாளைக்கோ, கூடுதலாகவோ. வேறொன்று கிடைக்கும் என்று கலை சொல்வது சரிதான். ஆனால் இந்த மதியம் கிடைக்காது.

முதலில், எடுத்த சொற்களில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் திரும்ப அடித்தாள். கடல். மழை. தரை. கதவு. ஒவ்வொன்றும் பச்சையை ஏற்றிக்கொண்டது, சாயங்காலம் ரயில் பாதையோரம் சிக்னல்கள் விழுவதுபோல. சண்முகவடிவின் கால் தரையில் பட்டது. அவள் நடந்துவந்து ஒரு கதவின் முன் நின்றாள்.

உள்ளே யார், கதவு திறக்குமா என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவளுக்கு நேரமில்லை. தையல் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. இந்த வரி முடிந்ததும் 'நீக்கு' என்பதை அழுத்துவாள். அழுத்திவிட்டு, என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்க, ஒரே ஒரு சொல் அடிப்பாள்.

veedu