வெள்ளைப் பொட்டு வைத்த வண்டு

சுஹைனா வலைக்கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஊமத்தை இலைக்கு அடியில் ஒட்டியிருந்த முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். காலையில் முப்பத்திரண்டு இருந்தன. இப்போது பத்தொன்பதுதான். முதலில் பொரிந்த புழுக்கள், கூடப்பிறந்தவை வெளியே வருவதற்குள் அவற்றைத் தின்றுவிட்டிருந்தன. உடம்பெல்லாம் முள்ளாக இருந்த ஒரு மஞ்சள் புழு இன்னும் வாயை எடுக்கவில்லை. குறிப்பேட்டில் “பதிமூன்று போச்சு” என்று எழுதினாள். இரண்டு வருடத்தில் இந்தக் கொலைகள் அவளுக்குப் பழகிவிட்டன.

அவள் ஓசூர் காய்கறி வியாபாரி லால் பாஷாவின் மகள். முனைவர் பட்டத்துக்காக ஜவளகிரிக் காட்டோரத்தில் ஊர்க்காரி வெள்ளையம்மாவின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு வாங்கிக் கூண்டு கட்டி வண்டு வளர்த்தாள். பொறிவண்டு என்றாலே செடிப்பேன் தின்று விவசாயிக்கு உதவும் பூச்சி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை, எந்தக் காலத்திலோ மாமிசத்தை விட்டுவிட்டு இலைக்கு மாறியது. அவைதான் புள்ளிவண்டுகள். இந்த ஊரில் காட்டோரத்துப் புள்ளிவண்டு ஊமத்தையைத் தின்றது. தோட்டத்துப் புள்ளிவண்டு கத்தரியைத் தின்றது. ஒரு வண்டு இரண்டு இனமாகப் பிரிந்துகொண்டிருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஊமத்தை வண்டுகளைப் பதினான்கு தலைமுறையாக வளர்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் பொட்டு வைத்திருந்தாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் கங்கப்பனின் இரண்டு ஏக்கர் கத்தரி. இலைகள் பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சி, சல்லடையாக நின்றன. இரண்டு வாரத்துக்கு முன் அவர் வந்து, உன் வண்டுதானே தின்னுது என்று கேட்டபோது, “உங்க தோட்டத்துல வெள்ளைப் பொட்டு வெச்ச வண்டு ஒண்ணே ஒண்ணு காட்டுங்கண்ணா, கூண்டையெல்லாம் நானே கொளுத்திடறேன்” என்று சொல்லியிருந்தாள். அப்போது அவளுக்கு அவ்வளவு தைரியம்.

“ஏம்மா, வெளிய வா.”

கங்கப்பனின் குரல். கூண்டிலிருந்து தலையை எடுத்தாள். அவர் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நசுங்கிய வண்டு ஒன்று மஞ்சள் சாறு கக்கிக் கிடந்தது. அதன் முதுகில் வெள்ளைப் பொட்டு. வலது கையில் கொடுவாள்.

“இது யாருது? சொல்லு. யாருது இது?”

“என்னோடதுதான்” என்றாள். “எப்படி வெளிய வந்துச்சுன்னு தெரியலண்ணா. ஆனா இது கத்தரி தின்னாது. நான் காட்டறேன், உள்ள…”

அவர் கேட்கவில்லை. முதல் வெட்டில் கூண்டின் வலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. அடுத்த கூண்டை எட்டி உதைத்தார். தொட்டிகள் உடைந்து ஊமத்தைச் செடிகள் மண்ணோடு சரிந்தன. கன்னடத்தில் ஒரு வசவு, தமிழில் ஒரு வசவு, வசவுக்கு ஒரு வெட்டு. சுஹைனா குறுக்கே பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள். கொடுவாளின் பிடி அவள் நெற்றியில் இறங்கியது. கண்ணுக்குள் சூடாக ரத்தம் வழிந்தது. கீழே விழுந்தவளின் விலாவில் ஓர் உதை.

“வுடுடா! பொம்பளப் புள்ளய அடிக்கறயே, நீ மனுசனா?” வெள்ளையம்மா ஓடிவந்து அவர் முதுகில் தொங்கினாள். அவளையும் உதறித் தள்ளினார். வேலிக்கல்லில் மோதி வெள்ளையம்மாவின் பல் ஒன்று தெறித்தது.

சுஹைனாவின் கையில் கூண்டுச் சட்டத்தின் இரும்புக் குழாய் அகப்பட்டது. எழுந்து, கொடுவாள் பிடித்த கையைப் பார்த்து ஓங்கி அடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கொடுவாள் விழுந்தது. கங்கப்பன் கையை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டார். அந்தக் கையின் மேலேயே இன்னொரு அடி அடித்தாள். மூன்றாவதுக்கு ஓங்கியபோது வெள்ளையம்மா, “போதும் கண்ணு, போதும்” என்று குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றிலும் வண்டுகள் பறந்துகொண்டிருந்தன.

சுஹைனாவுக்கு நெற்றியில் ஆறு தையல். கங்கப்பனுக்கு மூன்று விரல்கள் முறிந்து மாவுக்கட்டு. ஊர்க்காரர்கள் பேசி, இரண்டு பக்கமும் புகார் இல்லை என்று முடித்தார்கள். “வண்டுக்காக உசுர வுடப்போறியாம்மா? வீட்டுக்கு வா” என்று லால் பாஷா அழுதார். “இருபது நாள் குடுங்க அத்தா, மிச்சத்தைப் பாத்துட்டு வந்துடறேன்” என்று அவள் திரும்பிப் போனாள்.

உடைந்த கூண்டுகளைப் புரட்டியபோது ஒன்றின் அடிமூலையில் எலி கடித்த ஓட்டை இருந்தது. வெட்டுக்கு முன்பே இருந்த பழைய ஓட்டை. அதை அவள் பார்க்காமல் விட்டிருந்தாள்.

வரப்பு ஊமத்தைகளில் வெள்ளைப் பொட்டுகள் நூற்றுக்கணக்கில் மேய்ந்தன. கத்தரிக்குள் இறங்கித் தேடினாள். நாற்பது சால் நடந்ததில் கிடைத்தவை ஆறு. ஆறும் செத்திருந்தன. அவை கிடந்த இலைகளில் புதுக் கடி ஒன்றுகூட இல்லை. பதினான்கு தலைமுறை ஊமத்தை தின்ற வண்டு, கத்தரி மேல் பட்டினி கிடந்து செத்திருந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

“அங்க என்ன பண்ற?” கங்கப்பனின் மனைவி பிரியா சாலின் முனையில் நின்றாள். குரலில் வெறுப்பு.

“உங்க வீட்டுக்காரர் சொன்னது பாதி சரிக்கா. ஓட்டை என் கூண்டுலதான் இருந்துச்சு. ஆனா இலையைத் தின்னது வேற வண்டு.”

“எதுவா இருந்தா என்ன? மருந்தடிச்சா எல்லாம் சாவும். அவரு கைய ஒடச்சிட்ட. டேங்க் தூக்க ஆள் இல்ல. கூலிக்குக் கூப்பிட்டா எல்லாரும் போச்சம்பள்ளி கம்பெனிக்கு பஸ் ஏறிட்டாங்க.”

சுஹைனா பக்கத்துச் செடியின் இலை ஒன்றைத் திருப்பினாள். நாலு புழுக்கள் அசையாமல் ஒட்டியிருந்தன. மஞ்சள் போய், கருகி, தோல் விறைத்திருந்தது. ஒன்றின் முதுகில் ஊசிமுனை அளவு துளை. பிரியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள்ளிருந்து கொசுவைவிடச் சின்னதான கருப்புக் குளவி ஒன்று வெளியேறியது. பின்னாலேயே இன்னொன்று.

“அய்ய, இது என்னாது?”

“புழு உசிரோட இருக்கும்போதே குளவி உள்ள முட்டை வெச்சிடும். குஞ்சுங்க உள்ளயே இருந்து தின்னுட்டு வரும். ஒரு புழுவுல பத்து வரும், பன்னெண்டு வரும். மருந்தடிச்சா மொதல்ல இதுதான்கா சாவும். பதினஞ்சு நாள் வுடுங்க.”

பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஆனால் மருந்து அடிக்கவில்லை. அடிக்க ஆள் கிடைக்காததாலா, சொன்னதைக் கேட்டதாலா என்று சுஹைனாவுக்குக் கடைசிவரை தெரியாது.

பதினைந்து நாளில், குளவி பரவாத வரப்போரத்து ஒரு ஏக்கர் மொத்தமாகப் போனது. உள்பக்கத்து ஏக்கரில் புழுக்களெல்லாம் கருகிய கூடாகத் தொங்க, செடிகள் புதுத் துளிர் விட்டன. சாமான்களை வேனில் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளப் போனபோது கங்கப்பன் பட்டுப்போன சாலில் நின்றிருந்தார்.

“தப்பு என்னோடதும் இருக்குதுண்ணா” என்றாள்.

அவர் அவள் நெற்றித் தழும்பைப் பார்த்தார். “நான் அடிச்சதுக்கு நீ அடிச்ச. அது சரி. கத்தி கீழ வுழுந்ததுக்கு அப்புறம் எதுக்கும்மா இன்னொன்னு?”

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“அடிக்கணும்னு இருந்துச்சுண்ணா.”

கங்கப்பன் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து, இடது கையாலேயே செத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார்.